செல்வம் கேட்ட விலை

(அறக்கட்டளை விழாவின் இலக்கிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அமெரிக்க நாவல்களில் வேட்கையும் செல்வமும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். தமிழ் படித்து, தமிழ் கற்பித்து, ஓய்வும் பெற்றுவிட்ட ஒருவர்க்கு அமெரிக்க நாவல்களில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் வீடுகளில் இன்று அமெரிக்கா என்னும் பெயர் ஒலிக்காத நாளே இல்லை. யாருடைய பிள்ளையோ அங்கே படிக்கிறார். யாருடைய மருமகளோ அங்கே பணிபுரிகிறார். அந்நாட்டின் விசா விதிகளையும், ஊதிய நிலையையும், வீட்டு வாடகையையும் நாம் விரல் நுனியில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்நாட்டின் பெரும் எழுத்தாளர்கள் தம் நாட்டைப் பற்றி என்ன எழுதி வைத்துப் போனார்கள் என்பதை நாம் அவ்வளவாகக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய செய்தி அது.

செல்வம் நிலையாது என்பதை அறிய நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நாலடியாரின் முதல் அதிகாரமே செல்வம் நிலையாமைதான். அமெரிக்க நாவலாசிரியர்கள் அதற்கு அடுத்த கேள்விக்குச் செல்கிறார்கள். செல்வம் நம்மை விட்டுப் போவதற்கு முன், நம்மை நோக்கி வரும்போதே, வழியில் ஓரிடத்தில் நின்று ஒரு விலை கேட்கிறது. அந்த விலையைக் கொடுத்தவர் என்ன ஆனார்? மறுத்தவர் என்ன ஆனார்? இதுவே அவர்களுடைய கேள்வி.

தமிழாசிரியர் என்ற உரிமையில் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்ட விரும்புகிறேன். விரும்பியது கிடைக்காதபோது வருவது ஏமாற்றம். விரும்பியது இன்னதென்று உள்ளபடி தெரியும்போது வருவது தெளிவு. இவ்விரண்டும் ஒரே நாளில் ஒரே கதவைத் தட்டலாம். ஆனால் ஏமாற்றம் சிலரை அழித்துவிடுகிறது. தெளிவு சிலரை நிமிர்த்திவிடுகிறது. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு சில நாவல்களைப் பார்ப்போம்.

முலாம் பூசிய காலம்

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. போர் முடிந்ததும் இருப்புப்பாதைகள் நாடெங்கும் பரவின. எஃகும் எண்ணெயும் நிலக்கரியும் சிலரைக் குபேரர்கள் ஆக்கின. ஏழைச் சிறுவனும் உழைத்தால் உயரலாம் என்னும் நம்பிக்கை ஊரெங்கும் பேசப்பட்டது. ஹொரேஷியோ ஆல்ஜர் என்பவர் 1868இல் 'ராகெட் டிக்' என்னும் நூலை வெளியிட்டார். நியூயார்க் தெருவில் காலணி துடைக்கும் சிறுவன் ஒருவன் நேர்மையாலும் படிப்பாலும் முன்னேறும் கதை அது. பிள்ளைகளுக்குப் பரிசளிக்கத் தக்க நூல் என்று பலரும் வாங்கினர். ஆனால் ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். டிக்குக்கு நல்ல வேலை கிடைப்பது உழைப்பால் மட்டும் நிகழவில்லை. நீரில் விழுந்த ஒரு சிறுவனை அவன் குதித்துக் காப்பாற்றுகிறான். அச்சிறுவனின் தந்தை செல்வராக இருக்கிறார். உழைப்போடு நல்வாய்ப்பும் சேர்ந்தே அவனை ஏற்றிவிட்டது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1873இல், மார்க் ட்வெய்னும் சார்லஸ் டட்லி வார்னரும் இணைந்து 'தி கில்டெட் ஏஜ்' என்னும் நாவலை எழுதினர். தங்க முலாம் பூசிய காலம் என்பது அதன் பொருள். தங்கக் காலம் என்று சொல்லவில்லை. மேலே மட்டும் தங்கம் என்றார்கள். அப்பெயரே பின்னர் அந்தக் காலப் பகுதிக்கு வரலாற்றுப் பெயராக நிலைத்துவிட்டது.

அந்நாவலில் ஹாக்கின்ஸ் என்னும் குடும்பத் தலைவர் டென்னசி மாநிலத்தில் பெரும் நிலப்பரப்பை மலிவாக வாங்கிப் போடுகிறார். என்றாவது அது தம் பிள்ளைகளைக் கோடீசுவரர் ஆக்கும் என்பது அவர் நம்பிக்கை. சாகும் தறுவாயிலும் அந்த நிலத்தை மறந்துவிடாதீர்கள் என்றே சொல்லிப் போகிறார். பிள்ளைகள் மறக்கவில்லை, அதுதான் அவர்கள் செய்த பிழை. நிலம் விற்றுப் பணம் வரும் என்னும் நினைப்பிலேயே மகன் எந்தத் தொழிலிலும் ஊன்றி நிற்கவில்லை. இறுதியில், நிலவரி கேட்டு வந்த சீட்டைக் கிழித்து எறிந்துவிட்டு, அந்த நிலமே தன் வாழ்வைக் கெடுத்தது என்று உணர்கிறான். அப்போது அவனுக்கு இளமை போய்விட்டது. ட்வெய்னின் சொந்தத் தந்தையும் டென்னசியில் அப்படியொரு நிலத்தை வாங்கிப் பிள்ளைகளுக்கு நம்பிக்கையாக விட்டுச் சென்றவரே. வறுமையில் பிறப்பதைவிட, செல்வம் வரப்போகிறது என்ற நினைப்பில் வளர்வது கொடிது என்பதை அவர் தம் வீட்டிலேயே கற்றார்.

ஒரு சிறுவனின் கால அட்டவணை

இனி 1925ஆம் ஆண்டிற்கு வருவோம். அமெரிக்க இலக்கியத்தில் அது சிறப்பான ஆண்டு. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்தது. தியோடர் டிரைசரின் 'அன் அமெரிக்கன் டிராஜடி' டிசம்பரில் வெளிவந்தது.

கேட்ஸ்பியின் கதை பலர்க்கும் ஓரளவு தெரிந்திருக்கலாம். வட டகோட்டா மாநிலத்தில் ஏழை உழவர் குடியில் ஜேம்ஸ் காட்ஸ் என்னும் பெயரில் பிறந்தவன் அவன். பதினேழு வயதில் தன் பெயரையே ஜே கேட்ஸ்பி என்று மாற்றிக்கொள்கிறான். போர்க்காலத்தில் இளம் படை அதிகாரியாக இருந்தபோது டெய்சி என்னும் செல்வக் குடிப் பெண்ணை விரும்புகிறான். அவன் திரும்பி வருவதற்குள் அவள் டாம் புக்கானன் என்னும் பெருஞ்செல்வனை மணந்துகொள்கிறாள். ஐந்தாண்டுகளில் கேட்ஸ்பி பெரும் பணம் சேர்க்கிறான். அது மதுவிலக்குக் காலம். பணம் வந்த வழி கள்ளச் சாராயமும் அதைப் போன்ற பிற இருட்டுத் தொழில்களும். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், டெய்சியின் வீட்டிற்கு எதிர்க்கரையில், மாளிகை ஒன்றை வாங்கி, ஊரையே அழைத்து விருந்து வைக்கிறான். விருந்திற்கு வந்தவருள் பலர்க்கு அவன் முகமே தெரியாது. அவன் காத்திருந்ததோ ஒருத்திக்காக. இரவில் அவள் வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

டெய்சி அவனைக் காண வருகிறாள். மாளிகையைப் பார்க்கிறாள். அவன் அடுக்கி வைத்திருந்த விலையுயர்ந்த சட்டைகளை எடுத்துப் போடப் போட, அவற்றில் முகம் புதைத்து அழுகிறாள். பணத்தால் இவ்வளவும் முடிந்தது. ஆனால் கேட்ஸ்பிக்கு வேண்டியது வேறு. கணவனை ஒருநாளும் விரும்பியதில்லை என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டும். இடையில் கழிந்த ஐந்தாண்டும் இல்லாமற் போக வேண்டும். அந்த ஒரு சொல்லை அவளால் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. செல்வத்தால் எதிர்க்கரையில் வீடு வாங்க முடிந்தது. கடந்த காலத்தை வாங்க முடியவில்லை.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். டெய்சி ஓட்டிய கார் ஒரு பெண்ணை மோதிக் கொல்கிறது. பழியைக் கேட்ஸ்பி ஏற்கத் துணிகிறான். இறந்தவளின் கணவன் அவனைச் சுட்டுக் கொல்கிறான். நூற்றுக்கணக்கானோர் விருந்துண்ட அந்த வீட்டிலிருந்து சவ அடக்கத்திற்குச் சென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டெய்சியிடமிருந்து ஒரு மலர்கூட வரவில்லை.

இந்நாவலில் என்னை மிகவும் நிறுத்திய பகுதி, இறந்த மகனைக் காணக் கேட்ஸ்பியின் தந்தை வரும் இடமாகும். எளிய முதியவர். மகன் சிறுவயதில் வைத்திருந்த கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கதைசொல்லியான நிக் கேரவேயிடம் பெருமையோடு காட்டுகிறார். அதன் கடைசித் தாளில் சிறுவன் தனக்கென ஒரு கால அட்டவணை எழுதியிருக்கிறான். எப்போது எழ வேண்டும், எப்போது உடற்பயிற்சி, எப்போது படிப்பு, எப்போது பேச்சுப் பயிற்சி என்று எல்லாம் இருக்கின்றன. வாரந்தோறும் பணம் சேமிக்க வேண்டும், நல்ல நூல் படிக்க வேண்டும், பெற்றோரிடம் இன்னும் நன்றாக நடந்துகொள்ள வேண்டும் என்னும் உறுதிகளும் இருக்கின்றன.

எத்தனை மாணவர்களின் குறிப்பேட்டில் இத்தகைய அட்டவணையைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறோம்! அந்தச் சிறுவனிடம் சோம்பல் இல்லை. தீய எண்ணம் இல்லை. வேட்கை அவனைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது; அந்த வேட்கையே அவனை அதிகாலையில் எழுப்பியது. அட்டவணையில் எல்லாம் இருந்தன. எதை எந்த விலைக்கும் விற்கமாட்டேன் என்னும் ஒரு வரி மட்டும் இல்லை.

இந்நூல் வந்தபோது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டு 1940இல் தம் 44ஆம் வயதில், தாம் தோற்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடு மறைந்தார். இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்க்கு இலவசமாக வழங்கிய நூல்களில் இதுவும் ஒன்றாகி ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் சென்றன. அதன் பின்னரே அது பள்ளிதோறும் படிக்கப்படும் நூலாயிற்று.

ஏரியில் கவிழ்ந்த படகு

டிரைசரின் நாவல் உண்மை வழக்கொன்றைத் தழுவியது. 1906இல் நியூயார்க் மாநிலத்தின் பிக் மூஸ் ஏரியில் கிரேஸ் பிரவுன் என்னும் தொழிலாளிப் பெண் இறந்து கிடந்தார். செஸ்டர் ஜில்லெட் என்னும் இளைஞன் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு 1908இல் மரண தண்டனை பெற்றான்.

நாவலில் அவன் பெயர் கிளைட் கிரிஃபித்ஸ். பெற்றோர் தெருமுனையில் நின்று பாடிச் சமயம் பரப்பும் ஏழைகள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க அவர்களோடு நிற்பது சிறுவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. பெரிய விடுதி ஒன்றில் பணியாளாகச் சேர்ந்ததும், செல்வர்களின் உலகத்தை முதன்முதலாகக் காண்கிறான். பின்னர்ச் சட்டைக் கழுத்துப்பட்டை செய்யும் பெரிய தொழிற்சாலைக்கு உரியவரான பெரியப்பாவின் ஊருக்குச் செல்கிறான். அங்கே உடன் பணிபுரியும் ராபர்ட்டா என்னும் ஏழைப் பெண்ணோடு பழகுகிறான், அவள் கருவுறுகிறாள். அதே வேளையில் சோன்ட்ரா என்னும் செல்வக் குடிப் பெண் அவன்மேல் அன்பு காட்டுகிறாள். ஒரு கதவு திறக்கிறது. அதில் நுழைய ராபர்ட்டா தடையாக நிற்கிறாள்.

அவன் ஒரே நாளில் கொலைகாரன் ஆகவில்லை. செய்தித்தாளில் ஏரியில் மூழ்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தி ஒன்றைப் படிக்கிறான். எண்ணம் ஒன்று எட்டிப்பார்க்கிறது, விரட்டுகிறான், மீண்டும் வருகிறது. இறுதியில் அவளைப் படகில் அழைத்துச் செல்கிறான். அங்கே துணிவு வரவில்லை. அவள் பரிவோடு அவனை நோக்கி வரும்போது அவன் கையை வீச, கையிலிருந்த கேமரா அவள்மேல் படுகிறது. படகு கவிழ்கிறது. அவள் கூப்பிடுகிறாள். அவன் கரையை நோக்கி நீந்திவிடுகிறான். கொன்றானா, சாகவிட்டானா? நீதிமன்றம் விடை சொல்லிவிட்டது. சிறையில் இருக்கும் அவனுக்கோ தன் குற்றம் எவ்வளவு என்பது இறுதிவரை தெளிவாகவில்லை.

நாவலின் முடிவில் அதே பெற்றோர் மீண்டும் தெருமுனையில் நின்று பாடுகிறார்கள். இப்போது அவர்களோடு நிற்பவன் சிறுவனான பேரன். அவன் ஐஸ்கிரீம் வாங்கக் காசு கேட்கிறான். பாட்டி கொடுத்துவிடுகிறாள். கிளைடுக்குக் கொடுக்காமல் விட்டதை எல்லாம் அந்த ஒரு காசில் கொடுக்க நினைக்கிறாள். அளவுக்கு மீறி அடக்கி வளர்த்த வீடும் ஒரு வேட்கையை வளர்க்கிறது என்பதை டிரைசர் இதைவிடச் சிறப்பாகச் சொல்ல முடியாது.

முன்பே எழுதி முடித்தவை

ஜாக் லண்டன் 1909இல் எழுதிய 'மார்ட்டின் ஈடன்' வேறொரு வகை. கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரில் கப்பல் தொழிலாளியாக இருந்த மார்ட்டின், ரூத் என்னும் படித்த குடும்பப் பெண்ணின் மனத்தைப் பெறுவதற்காகப் படிக்கத் தொடங்குகிறான். உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு எழுதுகிறான். அனுப்பிய எழுத்தெல்லாம் திரும்பி வருகிறது. உடையையும் மிதிவண்டியையும் அடகு வைத்துப் பசியோடு இருக்கிறான். ரூத்தும் விலகிவிடுகிறாள். அப்போது தன் குழந்தைகளுக்கே போதாத உணவில் அவனுக்கும் பங்கு கொடுத்தவள் மரியா என்னும் சலவைத் தொழிலாளி.

திடீரெனப் புகழ் வருகிறது. பதிப்பாளர்கள் போட்டியிடுகிறார்கள். ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தியவர்கள் விருந்துக்கு அழைக்கிறார்கள். ரூத்தும் தேடி வருகிறாள். மார்ட்டின் ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறான்: இவர்கள் இன்று போற்றும் எழுத்துகளெல்லாம் நான் பட்டினி கிடந்த நாளிலேயே எழுதி முடித்தவைதாமே. அன்றிருந்த நானேதான் இன்றும் இருக்கிறேன். அப்படியானால் இவர்கள் அழைப்பது யாரை? தன்னையா, பணத்தையா? மரியாவுக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுக்கிறான். அது ஒன்றே அந்தப் பணம் அவனுக்குத் தந்த மகிழ்ச்சி. மற்றவற்றில் பற்று அறுந்து, கடலில் தன் வாழ்வை முடித்துக்கொள்கிறான். அவனுக்குக் கிடைத்தது பாதித் தெளிவு. பிறர் பொய்யை அவன் கண்டுகொண்டான். பசித்தபோது சோறிட்ட கை ஒன்று உலகில் இருந்தது என்னும் உண்மை அவனை வாழவைக்கப் போதவில்லை.

ஒரு காசோலை

இதுவரை கூறிய மூவரும் ஏமாற்றத்தோடு அழிந்தவர்கள். இனி, இழந்தும் நிமிர்ந்தவர்களைப் பார்ப்போம்.

ஈடித் வார்ட்டன் என்னும் அம்மையார் நியூயார்க்கின் பழஞ்செல்வக் குடியில் பிறந்தவர். 1905இல் அவர் எழுதிய 'தி ஹவுஸ் ஆஃப் மர்த்' நாவலின் தலைவி லில்லி பார்ட். அழகி, வயது 29, கையில் பொருள் இல்லை. செல்வனை மணந்துகொள்வதே அவளுக்கு இருக்கும் ஒரே வழி. ட்ரெனர் என்னும் நண்பரின் சொற்படி, தன் சிறு தொகையை அவர் பங்குச் சந்தையில் போட்டு வளர்த்துத் தருகிறார் என்று நம்பிப் பணம் பெறுகிறாள். அது அவருடைய சொந்தப் பணம் என்பதும், அதற்கு ஈடாக அவர் எதிர்பார்ப்பது வேறு என்பதும் பின்னரே அவளுக்குத் தெரிகிறது. கடன் 9,000 டாலர்.

ஊரார் அவளைத் தள்ளிவைக்கிறார்கள். தொப்பி செய்யும் கடையில் கூலிக்கு அமர்கிறாள். தனக்குத் தீங்கு செய்த பெண்ணின் அந்தரங்கக் கடிதங்கள் அவள் கையில் உள்ளன. அவற்றைக் காட்டி அச்சுறுத்தினால் இழந்த இடம் ஒரே நாளில் திரும்பிவிடும். அவள் அவற்றை நெருப்பில் இட்டுவிடுகிறாள். அத்தை விட்டுச் சென்ற 10,000 டாலர் கைக்கு வந்த இரவில் ட்ரெனருக்கு முழுத் தொகைக்கும் காசோலை எழுதி வைக்கிறாள். அன்றிரவே அளவுக்கு மீறிய உறக்க மருந்தால் இறந்தும் போகிறாள். ஏழையாகவே இறந்தாள், ஆனால் யாருக்கும் கடன்பட்டவளாக இறக்கவில்லை.

இரவெல்லாம் கேட்ட காலடி ஓசை

இன்றைய உரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்பிய நாவல் 1885இல் வில்லியம் டீன் ஹோவெல்ஸ் எழுதிய 'தி ரைஸ் ஆஃப் சைலஸ் லாப்பம்'. கேட்ஸ்பியை அறிந்தவர்களுள் பலர் இந்நூலை அறியார். லாப்பம் என்னும் பெயரிலேயே லாபம் இருக்கிறதே என்று நம் வணிகப் பெருமக்கள் புன்னகை செய்யலாம். கதையோ நட்டத்தைப் பற்றியது.

லாப்பம் வெர்மான்ட் மாநிலத்து உழவர் மகன். தந்தையின் நிலத்தில் கிடைத்த கனிம மண்ணிலிருந்து பெயிண்ட் தயாரித்துப் பாஸ்டன் நகரில் பெருஞ்செல்வர் ஆனவர். பாறைகளிலும் வேலிகளிலும் தம் பெயிண்டின் விளம்பரத்தைத் தீட்டி வைத்தவர். மனைவி பெர்சிஸ் முன்பு கிராமப் பள்ளி ஆசிரியை. பெர்சிஸின் மனத்தில் ஒரு முள் இருந்தது. தொழிலுக்கு முதல் தேவைப்பட்ட காலத்தில் ராஜர்ஸ் என்பவரைப் பங்காளியாகச் சேர்த்து, தொழில் பெருகும் நேரத்தில் அவரை வெளியேற்றிவிட்டார் லாப்பம். சட்டப்படி குற்றமில்லை. ஆனால் மனைவி அதைத் தவறென்றே கருதினாள்.

பழங்குடிச் செல்வர்களோடு சமமாக வேண்டும் என்னும் ஆசையில் பாஸ்டனின் பீக்கன் தெருவில் புது மாளிகை எழுப்புகிறார் லாப்பம். அக்குடியினர் ஒருவர் வீட்டு விருந்தில் பழக்கமில்லாத மதுவைக் குடித்துத் தம் பெருமையைப் பேசித் தலைகுனிகிறார். தொழிலில் போட்டி வருகிறது. ராஜர்ஸுக்குக் கொடுத்த கடன் மீளவில்லை. கட்டி முடியும் நிலையிலிருந்த மாளிகையில், புகைபோக்கி நன்றாக இழுக்கிறதா என்று பார்க்கத் தாமே மூட்டிய நெருப்பினால் வீடு எரிந்துபோகிறது. காப்பீடு அதற்கு முந்தைய வாரந்தான் முடிந்திருந்தது.

இந்நிலையில்தான் செல்வம் வந்து விலை கேட்கிறது. கடனுக்கு ஈடாக ராஜர்ஸ் கொடுத்த சொத்தில் மேற்குப் பகுதி ஆலைகள் சில உள்ளன. அங்கே செல்லும் ரயில் பாதை இப்போது ஒரு பெரிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அது நினைத்த விலைக்கு ஆலைகளைப் பறித்துக்கொள்ள முடியும். எனவே ஆலைகளுக்கு மதிப்பில்லை. ராஜர்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்த முகவர்களைக் கொண்டுவருகிறார். லாப்பம் உண்மையைச் சொன்ன பின்னும் வாங்க அவர்கள் தயார். தங்களை அனுப்பியவர்களின் பணந்தானே! தங்களை நம்பியவர்களையே ஏமாற்ற அவர்கள் துணிந்துவிட்டார்கள் என்று லாப்பத்திற்குப் புரிகிறது. அவர் தயங்குகிறார். அப்போது ராஜர்ஸ் இன்னும் எளிய வழி ஒன்றைக் காட்டுகிறார்: நீங்கள் அவர்களுக்கு விற்க வேண்டாம்; எனக்கு விற்றுவிடுங்கள். நான் யாருக்கு விற்கிறேன் என்பது உங்கள் பொறுப்பன்று.

அன்பர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை, திருடச் சொல்லவில்லை. கண்ணைச் சற்று மூடிக்கொள்ளச் சொல்கிறார், அவ்வளவே. வணிகத்திலும் அலுவலகத்திலும் தீமை பெரும்பாலும் இந்த உருவில்தான் வருகிறது. நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டவர் இந்த அவையில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். லாப்பம் கையெழுத்திட்டால் தப்பிக்கலாம்; பழைய பங்காளிக்குச் செய்த தவற்றுக்கும் ஈடு கட்டியதாகும் என்று மனமே வாதாடுகிறது.

அன்றிரவு முழுதும் லாப்பம் தம் அறையில் மேலும் கீழும் நடக்கிறார். பெர்சிஸ் அந்தக் காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டே விழித்திருக்கிறாள். போய் அறிவுரை கூறவில்லை. அது அவர் தனியே தீர்க்க வேண்டிய கணக்கு. காலையில் ரயில் நிறுவனத்தின் கடிதம் வருகிறது; ஆலைகளை அது விலைக்குக் கேட்கிறது. அதை மறைத்து விற்க லாப்பத்தின் மனம் இடந்தரவில்லை. வந்து நின்ற ராஜர்ஸின் கையில் அக்கடிதத்தைக் கொடுத்துவிடுகிறார். வேறொரு முதலீட்டாளர் வந்தபோதும் தம் தொழிலின் உண்மை நிலையை ஒளிக்காமல் சொல்லி அவரையும் இழக்கிறார்.

செல்வம் போய்விடுகிறது. தந்தையின் பண்ணை வீட்டிற்கே திரும்புகிறார். மனைவியின் பெயரிட்ட உயர்தர பெயிண்டை மட்டும் சிறிய அளவில் செய்கிறார். வருத்தம் உண்டா என்று பாதிரியார் ஒருவர் கேட்கும்போது, பெரிய வீரம் எதையும் அவர் பேசவில்லை. அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை. இன்னொரு முறை வந்தாலும் அப்படியே செய்வேன் என்னும் கருத்தில் விடை சொல்கிறார். நாவலின் பெயர் லாப்பத்தின் உயர்வு என்பது. செல்வர் ஆன கதைக்கு ஹோவெல்ஸ் அந்தப் பெயரை வைக்கவில்லை. செல்வத்தை இழந்த கதைக்கே அப்பெயர் வைத்தார்.

கடன் தீர்க்கக் கடல் கடந்தவர்

இதெல்லாம் கதையில்தான் நடக்கும் என்று இளைஞர்கள் சொல்லலாம். ஹோவெல்ஸின் நெருங்கிய நண்பர் மார்க் ட்வெய்ன். முலாம் பூசிய காலத்தை நகையாடிய அதே ட்வெய்ன், தாமும் அந்த முலாமில் மயங்கினார். அச்சு எழுத்துகளைத் தானே கோக்கும் இயந்திரம் ஒன்று தம்மைப் பெருஞ்செல்வர் ஆக்கும் என்று நம்பி, ஆண்டுக்கணக்கில் அதில் பணத்தைக் கொட்டினார். இயந்திரம் வெற்றி பெறவில்லை. அவருடைய பதிப்பகமும் 1894இல் திவாலாயிற்று.

திவாலானவர் தம் கடனில் ஒரு பகுதியைக் கொடுத்துச் சட்டப்படி விடுபட வழியிருந்தது. ட்வெய்னும் அவர் மனைவி ஒலிவியாவும் ஒவ்வொரு கடனையும் முழுமையாகத் தீர்ப்பதென்று முடிவு செய்தனர். தம் 59ஆம் வயதில், 1895இல், உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டார் ட்வெய்ன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று ஓராண்டு பயணம்.

அப்பயணத்தில், 1896 தொடக்கத்தில், பம்பாயில் ஒரு சமணக் கோயிலுக்கு அவர் சென்றார். உடன் இருந்து விளக்கியவர், 1893இல் சிகாகோ சர்வ சமயப் பேரவையில் சமணத்தின் சார்பில் பேசிய வீர்சந்த் காந்தி. கூரைமேல் கொடிகள் பறந்ததையும், மாடியில் தனியே ஒருவர் வழிபட்டுக்கொண்டிருந்ததையும், வெளிநாட்டினர் வந்து நின்றும் அவருடைய வழிபாடு சிறிதும் கலையாததையும் ட்வெய்ன் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். கேட்ட விளக்கம் பின்னர் மறந்துபோயிற்றென்றும், உயர்ந்த தூய நெறி என்னும் எண்ணம் மட்டும் மனத்தில் தங்கியதென்றும் எழுதினார். கடனைத் தீர்க்க ஊர் ஊராகச் சென்ற அம்மனிதர் நம்மவர் கோயில் ஒன்றில் அன்று நின்றார் என்பதை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

பயணம் முடிந்த கையோடு, 1896 ஆகஸ்டில், அவருடைய மூத்த மகள் சூசி 24 வயதில் இறந்துபோனாள். தந்தை அப்போது இங்கிலாந்தில் இருந்தார். அந்தத் துயரத்தோடே பயண நூலை எழுதி முடித்தார். 1898இல் கடன் முழுவதும் தீர்ந்தது.

இளைஞர்க்கும் பெற்றோர்க்கும்

அன்பார்ந்த மாணவர்களே! பணம் வேண்டாம், உயரவேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. இந்நாவலாசிரியர்களும் அப்படிச் சொல்லவில்லை. கேட்ஸ்பியின் அட்டவணை நல்ல அட்டவணை. அதை நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எதை நான் விற்கமாட்டேன் என்பதை இப்போதே, யாரும் விலை கேட்டு வராத இந்த நாளிலேயே, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலை பேசும் நாளில் எழுத நேரம் இருக்காது. லாப்பத்திற்கு ஓர் இரவு கிடைத்தது. கிளைடுக்குப் படகில் சில நொடிகளே கிடைத்தன.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு வேலை கிடைத்ததும், ஊதியம் எவ்வளவு என்று கேட்கிறோம். எந்த ஊர், எந்த நிறுவனம் என்று கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. அங்கே உன்னை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? என்றாவது ஒரு மாலையில் அதையும் கேளுங்கள். வேலை போய் வீட்டிற்கே திரும்பி வந்தாலும் உனக்கு இங்கே இடம் உண்டு என்றும் சொல்லுங்கள். லாப்பத்திற்குத் திரும்பிச் செல்ல ஒரு பண்ணை வீடு இருந்தது. இரவெல்லாம் விழித்திருந்த ஒரு மனைவி இருந்தாள். லில்லிக்கு அப்படி யாரும் இல்லை. கேட்ஸ்பிக்கு ஒரு தந்தை இருந்தார். ஆனால் மகன் இறந்த பின்னரே அவர் அந்த மாளிகைக்குள் வந்தார்.